செவிலியரின் மனச்சுமை: வார்டுகளில் எழுதப்பட்ட ஒரு வரலாறு

நோயாளியின் உடலுக்கும் உயிருக்கும் பொறுப்பேற்று நிற்பவர்களின் மனம் என்ன ஆகிறது என்னும் கேள்வி, மருத்துவ வரலாற்றில் மிகவும் தாமதமாகவே எழுந்தது. மருத்துவமனைகள் தம் படுக்கைகளை எண்ணின. பிழைத்தோரையும் இறந்தோரையும் எண்ணின. வேலையை விட்டுச் சென்ற செவிலியரின் எண்ணிக்கையையும் ஏட்டில் குறித்தன. ஆனால் அந்தக் கடைசி எண் ஆட்பற்றாக்குறையின் கணக்காக மட்டுமே வாசிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் துயரம் ஏதேனும் உண்டா என்று கேட்பார் இல்லை. ஒருவர் தாம் செய்யும் வேலையில் பொருளும் மதிப்பும் நிறைவும் காணும் நிலையைப் 'பணிநிறைவு' என்று இன்றைய ஆய்வாளர்கள் அழைக்கின்றனர். தொண்டு என்றே பெயர் பெற்றிருந்த ஒரு பணியில் அப்படியொரு நிறைவைத் தனியே விசாரிப்பது 19ஆம் நூற்றாண்டினருக்குத் தேவையற்றதாகத் தோன்றியிருக்கும். தொண்டே நிறைவு என்பது அவர்களுடைய நம்பிக்கை. செவிலியரின் மன உளைச்சல் அவர்களுடைய நெஞ்சுரக் குறைவால் வருவது என்ற எண்ணம் தளர்ந்து, வேலை பகுக்கப்பட்டிருந்த முறையே அதன் முதற்காரணம் என்ற புரிதல் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்தப் புரிதல் தெளிவான உருவம் பெற்ற இடம், நவீன செவிலியப் பயிற்சி பிறந்த அதே லண்டன் நகரம்.

கிரிமியப் போர்க்காலத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் திரட்டப்பட்ட பொதுநிதி ஏறத்தாழ 45,000 பவுண்டாக வளர்ந்தது. அந்நிதியைக் கொண்டு 1860இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியப் பயிற்சிப் பள்ளி ஒன்று 15 மாணவிகளுடன் தொடங்கப்பட்டது. மருத்துவமனையின் 'மேட்ரன்', அதாவது செவிலியர் அனைவருக்கும் தலைமைப் பொறுப்பாளராக இருந்த வார்ட்ரோப்பர் அம்மையாரே பள்ளிக்கும் பொறுப்பேற்றார். மாணவிகளுக்குத் தங்குமிடமும் உணவும் சீருடையும் சிறு உதவித்தொகையும் கிடைத்தன. அதற்கு ஈடாக அவர்கள் வார்டுகளில் உழைத்தனர், பயிற்சி முடிந்த பின்னும் நிதிக்குழு அனுப்பும் மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் பணிபுரியக் கடமைப்பட்டிருந்தனர். கற்பவரே வேலைக்காரராகவும் இருக்கும் இந்த ஏற்பாடு, ஏழைப் பெண்களுக்கு மதிப்பான தொழில் ஒன்றைத் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் மருத்துவமனைகளுக்கு மலிவான உழைப்பு தடையின்றிக் கிடைக்கும் வழியையும் அதுவே திறந்துவிட்டது. அடுத்த 100 ஆண்டுகளின் கசப்புக்கு இந்த இரட்டைத்தன்மையே ஊற்றுக்கண்.

அப்பள்ளியில் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் ஒரு குறிப்புத்தாள் நிரப்பப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை முதலிய தலைப்புகளின் கீழ் அவளுடைய நடத்தையும் திறனும் அதில் மதிப்பிடப்பட்டன. இரவில் இறந்துபோன நோயாளியின் முகம் மாணவியை என்ன செய்தது என்று எழுதுவதற்கு அத்தாளில் கட்டம் ஏதும் இல்லை. ஒழுக்கத்தின் பெயரால் மனம் கண்காணிக்கப்பட்டது, பேணப்படவில்லை. இதை நைட்டிங்கேலின் கல்நெஞ்சம் என்று கொள்வது பிழை. குடிப்பழக்கத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் பெயர் பெற்றிருந்த பழைய வார்டுத் தாதிகளிடமிருந்து புதிய செவிலியரை வேறுபடுத்திக் காட்ட அவருக்கு நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. மேலும், போர்முனையிலிருந்து திரும்பிய அவரே 1857 முதல் நெடுங்காலம் படுக்கையோடு கிடந்தார். அது உடல்நோயா, மன உளைச்சலும் கலந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். செவிலியத்தின் முன்னோடியே அப்பணி விட்டுச்சென்ற காயத்தோடு எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்திருக்க, அவர் பெயரால் எழுந்த மரபு அக்காயத்துக்கு ஒரு சொல்லைக்கூட உருவாக்கவில்லை என்பது துயரமான செய்தி.

இம்மரபு பிரிட்டிஷ் ஆட்சியோடு கடல் கடந்து பரவியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் செவிலியரைச் 'சிஸ்டர்' என்று இன்றும் அழைப்பது அதன் எச்சம். ஆங்கிலேய மருத்துவமனைகளில் 'சிஸ்டர்' என்பது ஒரு வார்டு முழுவதற்கும் பொறுப்பான மூத்த செவிலியரின் பதவிப் பெயர். தமிழ்நாட்டில் அது எல்லாச் செவிலியருக்கும் உரிய விளிச்சொல்லாகி, உடன்பிறந்தாள் என்னும் நேர்ப்பொருளையும் ஓரளவு மீட்டுக்கொண்டது. மேட்ரன், நைட் டூட்டி, வார்டு, ஹாஸ்டல் என்று அதனோடு வந்த மற்றச் சொற்களும் ஒரு வாழ்க்கைமுறையைச் சுமந்து வந்தவையே.

அந்த வாழ்க்கைமுறை பிரிட்டனிலேயே சிக்கலுக்கு உள்ளாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாளைக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் வார்டில் நிற்பது வழக்கமாக இருந்தது. செவிலியர் விடுதியிலேயே தங்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். திருமணம் ஆனால் பொதுவாக வேலையை விட வேண்டும். 1919இல் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறித் தொழிலுக்குச் சட்ட மதிப்பு கிடைத்த பிறகும், மாணவியின் உழைப்பில் மருத்துவமனையை நடத்தும் வழக்கம் மாறவில்லை. பெண்களுக்கு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேறு வேலைகள் கிடைக்கத் தொடங்கியதும் பயிற்சிக்கு வருவோர் குறைந்தனர். அப்பற்றாக்குறையை ஆராய லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 1932இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நீண்ட வேலைநேரத்தோடு, விடுதிகளின் அற்பக் கட்டுப்பாடுகளும் இளம்பெண்களை விலக்குகின்றன என்பது அதில் தெளிவாயிற்று. 1939இல் அரசு அமைத்த ஆத்லோன் குழு இரண்டு வாரத்துக்கு 96 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டப் பரிந்துரைத்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே அன்று சலுகையாகக் கேட்கப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அதே சிக்கலை ஆராய்ந்து 1947இல் வெளிவந்த வுட் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. பயிற்சியில் சேர்ந்தவர்களுள் பெருந்தொகையினர் இடையிலேயே விலகுவதற்கு மருத்துவமனை ஒழுங்கின் கடுமையே முதன்மையான காரணம் என்றும், மாணவியை மாணவியாகவே நடத்த வேண்டும், அவளைக் கொண்டு ஆட்குறையை நிரப்பக்கூடாது என்றும் அது வாதிட்டது. அப்பரிந்துரையின் உயிர்நாடியான பகுதி ஏற்கப்படவில்லை. 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, அதன் வார்டுகள் முன்போலவே மாணவியரின் தோள்களில் நின்றன.

இந்தப் பின்னணியில்தான் 1950களில் லண்டனின் பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்று, மனித உறவுகளை ஆராயும் டாவிஸ்டாக் நிறுவனத்தின் உதவியை நாடியது. மாணவியரை வார்டுகளுக்குப் பங்கிடும் முறை முறிந்துவிடும் நிலையில் இருக்கிறது என்று மூத்த செவிலியர்கள் அஞ்சினர். வார்டுகளுக்கு ஆள் வேண்டும், மாணவிக்குப் பயிற்சியும் வேண்டும். இரண்டும் மோதும்போதெல்லாம் பயிற்சியே விட்டுக்கொடுத்தது. ஆய்வுக்குப் பொறுப்பேற்றவர் இசபெல் மென்சீஸ். 1917இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், பொருளியலும் உளவியலும் பயின்று, பின்னர் மெலனி கிளைனின் வழியில் உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். குழந்தைப் பருவத்தின் ஆழ்ந்த அச்சங்கள் முதிர்ந்த வாழ்விலும் உயிரோடு இருக்கின்றன என்பது கிளைன் மரபின் அடிப்படைக் கருத்து. அம்மருத்துவமனையில் ஏறத்தாழ 700 செவிலியர் இருந்தனர். அவர்களுள் பயிற்சி முடித்த பணியாளர் 150 பேர்தான், மற்றவர் அனைவரும் மாணவியர். நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலை முழுவதும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, மாணவியர் கையில் இருந்தது. சுமார் 70 செவிலியரோடு தனியாகவும் சிறு குழுக்களாகவும் உரையாடியும், வார்டுகளை நேரில் கவனித்தும் மென்சீஸ் திரட்டிய செய்திகள் 1960ஆம் ஆண்டுவாக்கில் நீண்ட கட்டுரையாக வெளிவந்தன.

நிர்வாகம் பங்கீட்டுச் சிக்கல் என்று எண்ணி அழைத்த இடத்தில் அவர் கண்டது பதற்றம். நோயுற்ற உடலைக் கழுவுதல், கழிவை அகற்றுதல், வலியைப் பார்த்துக்கொண்டு நிற்றல், இறப்பவரின் பக்கத்தில் இருத்தல் ஆகியவை இயல்பான மனித உறவில் மிக நெருங்கியவர்களுக்கிடையே மட்டும் நிகழ்பவை. அவற்றை முன்பின் அறியாதவர்களுக்கு நாள்தோறும் செய்யும் இளம்பெண்ணிடம் இரக்கமும் அன்பும், அருவருப்பும் குற்றவுணர்வும், சில சமயம் நோயாளியின்மேல் வெறுப்பும்கூட ஒருசேரக் கிளர்கின்றன. உறவினரின் கவலையும் கோபமும் அவள்மேலேயே இறங்குகின்றன. இவ்வளவு கனமான உணர்ச்சிகளைத் தாங்குவதற்கு அம்மருத்துவமனை வைத்திருந்த வழி, அவை எழவே இடங்கொடாதபடி வேலையை அமைப்பது. தனிமனிதர் தம் மன அச்சத்தை மறைத்துக்கொள்ளக் கையாளும் உத்திகளை உளப்பகுப்பாய்வு 'தற்காப்பு' என்கிறது. ஒரு நிறுவனமே தன் வேலைமுறைகளின் வடிவில் அத்தகைய தற்காப்பை வளர்த்துக்கொள்ளக்கூடும் என்பதை மென்சீஸ் விரிவாகக் காட்டினார். டாவிஸ்டாக் வட்டத்தில் எலியட் ஜாக்ஸ் முன்பே எழுதிய கருத்து அது.

அந்தத் தற்காப்புகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கும் பகுதியே கட்டுரையின் இதயம். முதலாவது, நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவைத் துண்டாடுவது. ஒரு மாணவியிடம் நான்கு நோயாளிகளை முழுமையாக ஒப்படைப்பதற்குப் பதிலாக, 30 பேருக்கும் ஒரே வேலையை வரிசையாகச் செய்யும் பட்டியல் அவள் கையில் தரப்பட்டது. எல்லாருக்கும் செய்ததால் எவரையும் அறியாமல் அவளால் நாளைக் கடத்த முடிந்தது. அடுத்தது, ஆளை ஆளாகக் காணாமை. நோயாளி பெயரால் அழைக்கப்படவில்லை. பத்தாம் படுக்கையின் ஈரலாகவோ பதினைந்தாம் படுக்கையின் நிமோனியாவாகவோ சுருக்கப்பட்டார். அதே நியதி செவிலியருக்கும் பொருந்தியது. ஒரே தரத்தில் உள்ள ஒரு மாணவிக்குப் பதில் இன்னொருத்தி என்று எவரையும் எங்கும் மாற்றலாம். மாறுவதற்கு வருந்தாதவளே நல்ல செவிலி. வார்டுக்கு மூன்று மாதம் என்பது பொதுத்திட்டம். ஆனால் ஆள் குறைந்த இடத்துக்கு எந்த நேரத்திலும் மாற்றப்பட்டதால், ஒரு நோயாளியோடும் சக மாணவிகளோடும் பழகத் தொடங்கும்போதே பிரிவும் வந்துவிட்டது. அந்தப் பிரிவின் வலியைப் பற்றிப் பேசுவது பலவீனமாகக் கருதப்பட்டது.

இவற்றோடு சடங்காகிப்போன வேலைமுறையும் சேர்ந்தது. எதை, எந்த வரிசையில், எப்படிச் செய்வது என்பது நுணுக்கமாக வகுக்கப்பட்டிருந்தது. தன் அறிவைக் கொண்டு முடிவெடுக்க மாணவிக்கு இடமில்லை. தூங்கவிட்டால் நலம் பெறக்கூடிய நோயாளியை மருத்துவர் வருமுன் முகங்கழுவ எழுப்புவது போன்ற செயல்கள் இவ்வாறே நிலைத்தன. முடிவெடுத்தே தீர வேண்டிய இடங்களில் சரிபார்ப்புக்குமேல் சரிபார்ப்பு வைத்துப் பொறுப்பின் கனத்தைப் பலர் தலையில் பகிர்ந்தனர்; இயன்ற வரையில் அதை மேலதிகாரியிடம் தள்ளினர். மென்சீஸின் நுட்பமான கண்டுபிடிப்பு இங்கே இருக்கிறது. ஒவ்வொரு செவிலியும் தனக்குக் கீழே உள்ளவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்றும், தனக்கு மேலே உள்ளவர்களை இரக்கமற்றவர்கள் என்றும் வருணித்தாள். ஆனால் கீழிருந்து பார்ப்போருக்கு அவளே இரக்கமற்ற மேலாள், மேலிருந்து பார்ப்போருக்கு அவளே பொறுப்பற்ற மாணவி. தன்னுள் தாங்கமுடியாத அலட்சிய இச்சையைக் கீழேயும், தன்னைத்தானே குத்தும் மனச்சாட்சியை மேலேயும் ஏற்றிவைத்து ஒவ்வொருத்தியும் சமாளித்துக்கொண்டிருந்தாள். கடுமையான மேட்ரன், தறிகெட்ட மாணவி என்று அதுவரை தனிமனிதக் குணங்களாகப் பேசப்பட்டவை, ஒரே அமைப்பு தன் உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுத் தந்த வேடங்களாகத் தெரியவந்தன.

இத்தனை தற்காப்பும் பதற்றத்தைக் குறைத்திருந்தால் அவற்றை ஒருவாறு நியாயப்படுத்தலாம். மென்சீஸ் கண்டது நேர்மாறானது. இடமாற்றம் எப்போது வருமோ என்ற அச்சமும், திறனுக்குக் கீழான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பும், நோயாளி குணமாவதைத் தன் கைவேலையின் பயனாகக் காணும் மகிழ்ச்சி மறுக்கப்பட்ட ஏமாற்றமும் சேர்ந்து புதிய பதற்றத்தை உண்டாக்கின. மாணவியருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தேர்வில் தோற்றவர்களல்லர், தாமாகவே விலகியவர்கள். சிறுசிறு நோய்களுக்காகச் சில நாள் விடுப்பெடுப்பதும் மிகுதியாக இருந்தது. விலகியவர்களுள் மனமுதிர்ச்சியும் பொறுப்புணர்வும் மிக்கவர்கள் பலர் இருந்தனர் என்ற அவரது கணிப்பு, இவ்வரலாற்றில் மனத்தை மிகவும் உறுத்தும் இடம். நோயாளியை மனிதராகக் காண வல்லவர்களையே அவ்வமைப்பு வெளியே தள்ளியது.

உளப்பகுப்பாய்வின் மொழியில் எழுதப்பட்ட கட்டுரையைச் செவிலியத் தலைமை உவந்து வரவேற்கவில்லை. மாற்றத்தைத் தவிர்ப்பதும் ஒரு தற்காப்பு என்று அதே கட்டுரை சொல்லியிருந்தது. ஆனால் முற்றிலும் வேறு பாதையில் வந்த ஒருவர் அதே முடிவை நெருங்கினார். மேலாண்மை அறிஞரான ரெக் ரெவன்ஸ் வடமேற்கு இங்கிலாந்தின் மருத்துவமனைகளை ஒப்பிட்டு 1964இல் வெளியிட்ட நூலில், ஐயத்தைக் கேட்கவும் குறையைச் சொல்லவும் இடங்கொடுக்கும் மூத்தோர் உள்ள மருத்துவமனைகளில் செவிலியர் நிலைத்திருப்பதையும், அங்கே நோயாளிகளும் விரைவில் வீடு திரும்புவதையும் எண்களால் காட்டினார்.

இந்தியாவின் நிலையில் இக்கேள்வி இன்னும் அடிப்படையான இடத்தில் நின்றது. விடுதலைக்குச் சற்று முன் சர் ஜோசப் போர் தலைமையில் இயங்கிய சுகாதாரக் குழு 1946இல் அளித்த அறிக்கையின்படி, நாடு முழுவதற்கும் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். பிரிட்டனில் 300 பேருக்கு ஒரு செவிலியர் இருந்தபோது இங்கே 43,000 பேருக்கு ஒருவர். வேலைநேரம், ஊதியம், தங்குமிடம் ஆகிய மூன்றிலும் செவிலியர் நிலை இழிந்திருந்ததை அக்குழு மறைக்காமல் எழுதியது. லண்டன் மாணவி 30 நோயாளிகளிடையே துண்டாடப்பட்டாள் என்றால், இங்கே அந்தத் துண்டாடலுக்குத் தற்காப்பு என்னும் விளக்கம்கூடத் தேவைப்படவில்லை; ஆளின்மையே போதுமான காரணமாக இருந்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் இத்துன்பத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி வந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கின் இலவச மருத்துவகம் ஒன்றில் ஈடுபாட்டோடு வந்த தொண்டர்கள் சில மாதங்களில் களைத்து, எரிச்சலுற்று, உள்ளே வெறுமையாகிப்போவதைக் கண்டு, 1974இல் அந்நிலையை 'பர்ன் அவுட்' என்று அழைத்தார். எரிபொருள் தீர்ந்து அணைந்துபோவதைக் குறிக்கும் அச்சொல்லைத் தமிழில் பணிச்சோர்வு என்கின்றனர். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் அதற்கு மூன்று கூறுகளை வகுத்தது: உணர்ச்சி வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை ஆளாகக் காணாமை, தன் வேலையால் பயன் விளைகிறது என்ற எண்ணம் தேய்தல். இரண்டாவது கூறை மென்சீஸின் கட்டுரையோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1950களில் மருத்துவமனை தன் மாணவிகளுக்கு நல்ல பழக்கமாகப் பயிற்றுவித்த ஒன்று, கால் நூற்றாண்டுக்குள் ஊழியரின் நோய்க்குறியாகக் கேள்வித்தாளில் இடம்பெற்றது. அளவுகோல் வந்தது நன்மையே. ஆனால் அளக்கப்பட்டவர் தனிமனிதர் என்பதால், மருந்தும் தனிமனிதருக்கே என்னும் எண்ணம் எளிதாகத் திரும்பிவந்தது. மூச்சுப்பயிற்சியும் மனவுறுதி வகுப்புகளும் வார்டின் ஆள்கணக்கை மாற்றுவதில்லை. அந்த ஆள்கணக்கின் விளைவை ஆய்வாளர் லிண்டா ஐகென் குழுவினர் 2002இல் அளந்தனர். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும், பணிநிறைவு இழக்கும் வாய்ப்பு 15 விழுக்காடும் உயர்வதை அவர்கள் கண்டனர். செவிலியரின் மனமும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது புள்ளிவிவரமாக வெளிப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், வேலையோடு மட்டும் தொடர்புடைய நிகழ்வாக வரையறுத்தது.

இந்த அளவீடுகளுக்கு முன்பே, 1970களில், இசபெல் மென்சீஸ் மீண்டும் ஒரு மருத்துவமனைப் பிரிவுக்குள் சென்றார். லண்டனின் வடமேற்கு விளிம்பில் ஸ்டான்மோரில் உள்ள ராயல் நேஷனல் எலும்பியல் மருத்துவமனையில், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மாதக்கணக்கில் கட்டுகளோடும் இழுவைக் கருவிகளோடும் அசையாமல் கிடந்த சிறிய பிரிவு அது. அங்கே ஒவ்வொரு குழந்தையும் குறிப்பிட்ட ஒரு தாதியிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலைப்பட்டியலின்படி கைமாறிக்கொண்டிருந்த குளிப்பாட்டலும் உணவூட்டலும் விளையாட்டும் அந்த ஒருவரிடம் வந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாரும் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு நகரும் வழக்கத்தைத் தடுக்கப் பிரிவின் கதவு மூடப்பட்டது. தாய் வரும்போது அவளோடு பேசும் பொறுப்பும், தாய் போன பின் அழும் குழந்தையைத் தேற்றும் பொறுப்பும் அதே தாதிக்கு உரியவையாயின. முன்பு எந்த முடிவும் எடுக்க விடப்படாத கடைநிலைப் பணியாளராக எண்ணப்பட்ட அவர், அக்குழந்தையை நன்கு அறிந்தவர் என்ற முறையில் மூத்தோரின் கலந்தாலோசனைகளில் கருத்துச் சொல்பவராக மாறினார்.